படித்துக் காட்டாத கைநாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைரேகை சரியாகப் பதியாத முதியவர்கள் ஆதார் மையத்துக்குச் சென்று ரேகையைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று தங்கள் வேலூர் பதிப்பில் சென்ற வாரம் ஒரு சிறு செய்தி வந்திருந்தது. கட்டணம் 125 ரூபாய் என்பதையும் மறக்காமல் போட்டிருந்தீர்கள். பயனுள்ள செய்திதான். ஆனால் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரே குடைச்சல். ரேகை விழாததுதான் ஒரே தொல்லை, விழுந்துவிட்டால் எல்லாம் சுகம் என்பதுபோல அந்தச் செய்தி முடிந்திருந்தது. என் அக்காவுக்கு ரேகை விழுந்ததால்தான் பணம் போனது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளம் என்று தோன்றினால் என் புலம்பல்களை வெட்டிக்கொள்ளுங்கள். அக்காவின் சங்கதியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

நான் குடியாத்தத்தில் 33 ஆண்டுகள் பத்திர எழுத்தராக இருந்தவன். வட ஆற்காடு என்று ஒரே மாவட்டமாக இருந்தபோது தொழிலுக்கு வந்தேன். 1989இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். 2019இல் வேலூரை மூன்றாகப் பிரித்தார்கள். அடுத்த ஆண்டு நான் கடையை மூடினேன். இத்தனை காலத்தில் எத்தனை ஆயிரம் பேரின் இடது கைப் பெருவிரலைப் பிடித்திருப்பேன் என்று கணக்கில்லை. கைநாட்டு வைப்பது லேசான வேலை என்று நினைப்பவர்கள் வைத்துப் பார்த்ததில்லை. விரலை அழுத்தினால் மை அப்பிக்கொள்ளும். நகத்தின் ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை ஒரே உருட்டாக உருட்ட வேண்டும், திரும்பி வரக் கூடாது. உழவர்கள், நெசவாளர்கள் என்றால் முதலில் ஈரத் துணியால் துடைத்து, தலையில் ஒருமுறை தடவச் சொல்வோம்; எண்ணெய்ப் பசையில் கோடுகள் எழும்பும். வைத்து முடித்ததும் பெரும்பாலோர் மையைச் சுவரில்தான் துடைப்பார்கள். எங்கள் அலுவலகத் திண்ணைச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புத் தடங்கள். வெள்ளையடிக்க வருபவர் ஒவ்வோர் ஆண்டும் என்னைத்தான் திட்டுவார்.

ஆனால் அந்த விரல் மையில் படுவதற்கு முன்பு ஒரு சடங்கு உண்டு. பத்திரத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை உரக்க வாசிப்பேன். நான்கு எல்லை, அளவு, கிரயத் தொகை எல்லாம். தொகை வரும் இடத்தில் நிறுத்தி, "எவ்வளவு என்று சொன்னேன், நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்பேன். அவர் வாயால் சொல்ல வேண்டும். இரண்டு சாட்சிகள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிறகுதான், "வாசிக்கக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு" என்ற வரிக்குக் கீழே விரல் வைக்கப்படும். ரேகையைச் சுற்றி, இன்னாருடைய இடது கைப் பெருவிரல் ரேகை என்று எழுதுவேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்மணியின் கைநாட்டு உள்ள பத்திரம் வழக்குக்குப் போனால், "படித்துக் காட்டினாயா?" என்ற கேள்வி, கைநாட்டை வாங்கியவனை நோக்கித்தான் வரும். வைத்தவரை நோக்கி அல்ல. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அக்காவுக்கு 74 வயது. பாவாடை கட்டிய வயதில் பீடி சுற்ற உட்கார்ந்தவர். மடியில் முறம். இலையைத் தகட்டின்மேல் வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளைப் பரப்பி, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றுவது, இவ்வளவையும் கண் பாராமல் கை செய்யும். நாளொன்றுக்கு ஆயிரம் பீடி சுற்றிய காலம் உண்டு. அந்தக் கட்டைவிரலை நான் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அம்மிக் குழவிபோல வழுவழுவென்றிருக்கிறது. இந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட விரல்கள் ஏராளம். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் தோல் தொழிற்சாலைகளில் சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் ஊறிய கைகள்; எங்கள் ஊரில் தறியில் தேய்ந்த கைகள்; தீப்பெட்டி அடைத்த கைகள். விரலை வைத்துத்தான் ஆளை அறிய வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் வட ஆற்காட்டுப் பக்கம் வந்து ஒரு கையையாவது தொட்டுப் பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம்.

தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தின் இரவு வகுப்பு எங்கள் தெருவில் நடந்தது. அக்கா அங்கேதான் கையெழுத்துப் போடப் பழகினார். முதல் எழுத்து மட்டும் கோட்டுக்கு மேலே எம்பி நிற்கும், மற்றவை அதைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வரும். அதற்குப் பிறகு எங்கள் குடும்பப் பாகப் பத்திரம் எழுதியபோது, மைப்பெட்டியை நான் பழக்கத்தில் நகர்த்தினேன். "அதை எடுத்து அந்தப் பக்கம் வை. நான் கையெழுத்துப் போடுவேன்" என்றார் அக்கா. சாட்சிகள் முன்னால் எனக்கு முகம் சிவந்துவிட்டது. அப்படிப்பட்டவரை இன்று எல்லா இடத்திலும் மறுபடி கைநாட்டு ஆக்கிவிட்டோம். அவரை மட்டுமா, எம்.ஏ. படித்த என் மருமகளையும் சேர்த்துத்தான். சரி, அது கிடக்கட்டும்.

சென்ற ஆண்டு, எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த மறுவாரம். விதவை உதவித்தொகை 1,200 ரூபாய் கொடுக்க வங்கியின் முகவர் வழக்கம்போல வேப்பமரத்தடிக்கு வந்தார். நல்ல பிள்ளை, எல்லோரையும் ஆயா, தாத்தா என்று அழைப்பவர். கையில் ஒரு சிறு கருவி. ஆதார் எண், வங்கியின் பெயர், விரல், இந்த மூன்றும் போதும். பணம் கணக்கிலிருந்து வெளியே வந்துவிடும். ரகசிய எண் கிடையாது, கைபேசிக்கு வந்து திருப்பிச் சொல்லும் எண்ணும் கிடையாது. அக்கா விரலை வைத்தார். "ரேகை விழவில்லை ஆயா, துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள்" என்றார் முகவர். அக்கா முந்தானையில் துடைத்து வைத்தார். "இப்போதும் விழவில்லை. அடுத்த விரல்." மூன்றாவது முறை விழுந்தது. 1,200 ரூபாய் கைக்கு வந்தது. ரசீது? "தாள் தீர்ந்துவிட்டது ஆயா."

ஜூன் மாதம் பேத்தியின் பள்ளிச் செலவுக்குப் பணம் எடுக்கப் போனவர், வங்கிப் புத்தகத்தில் வரவு செலவு அச்சடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். ஒரே தேதியில் இரண்டு வரிகள். ஒன்று 1,200. மற்றொன்று 3,000. அந்த மூவாயிரத்தை அக்கா பார்க்கவே இல்லை. விழவில்லை என்று சொன்ன இரண்டு முறைகளில் ஒன்று விழுந்திருக்கிறது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்குமே என்கிறீர்களா? கணக்கோடு இணைந்திருந்தது மகனின் பழைய எண். அவன் ஓசூருக்குப் போனபோதே அந்தச் சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டான்.

நானும் அக்காவும் கிளைக்குப் போனோம். எந்த வங்கி என்று எழுதப்போவதில்லை. எல்லா வங்கியிலும் இதே நாற்காலி, இதே பதில்தான் இருக்கும் என்று நம்புகிறேன். அங்கிருந்த அலுவலர் கோபப்படவில்லை, மரியாதைக் குறைவாகவும் பேசவில்லை. கணினியைப் பார்த்துவிட்டு, "உங்கள் விரல்தானே அம்மா பதிவாகியிருக்கிறது? நீங்கள் வைக்காமல் பணம் எப்படிப் போகும்?" என்று கேட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். 33 ஆண்டு அனுபவத்தில் எனக்கு வாயடைத்துப்போன இடம் அதுதான். எங்கள் தொழிலில் விரல் வைத்தவரைக் காப்பாற்றவே அத்தனை சடங்கும். இங்கே விரல், வைத்தவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

வீட்டுக்கு வந்து மனு எழுதினேன். அனுமதியில்லாமல் பணம் போனால் மூன்று வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. பலரும் அங்கேயே சோர்ந்துவிடுவார்கள், மூன்று நாள் தாண்டிவிட்டதே என்று. ஆனால் அந்த மூன்று நாளை எண்ணத் தொடங்குவது பணம் போன நாளிலிருந்து அல்ல, வங்கியின் தகவல் வாடிக்கையாளருக்குக் கிடைத்த நாளிலிருந்து. அக்காவுக்குத் தகவல் வரவே இல்லையே! இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பழைய தொழில் கைகொடுத்தது. 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்தோம். 47 நாள் கழித்து 3,000 ரூபாய் கணக்கில் திரும்பி வந்து உட்கார்ந்தது. யார் எடுத்தார், எப்படித் திரும்பியது, ஒரு கடுதாசி கிடையாது. அந்தப் பிள்ளை இப்போது வருவதில்லை; வேறொருவர் வருகிறார். அவரும் நல்ல பிள்ளைதான். தம்பி பத்திர எழுத்தராக இல்லாத அக்காக்கள் எத்தனை பேர் அந்த வேப்பமரத்தடியில் வரிசையில் நிற்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே மரத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் கையடக்கமான ஒரு பெட்டி. யாராவது கைபேசியில் பணம் செலுத்தினால், இத்தனை ரூபாய் பெறப்பட்டது என்று தெரு முழுக்கக் கேட்கும்படி தமிழில் கத்துகிறது. பத்து ரூபாய்த் தேநீருக்கு! கடைக்காரர் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்கு அத்தனை அக்கறை. சாலைக்கு இந்தப் பக்கம் 74 வயது மூதாட்டியின் கணக்கிலிருந்து மூவாயிரம் போகிறது, கருவி ஊமையாக இருக்கிறது. விரலை வைப்பதற்கு முன்பு, "உங்கள் கணக்கிலிருந்து மூவாயிரம் ரூபாய் எடுக்கப்படுகிறது" என்று அந்தக் கருவியைச் சொல்ல வைப்பது என்ன நிலவுக்கு ஆள் அனுப்புகிற வேலையா? நான் கேட்பது இதைத்தான். படித்துக் காட்டாத கைநாட்டு எங்கள் காலத்தில் செல்லாது. இப்போதும் செல்லக் கூடாது.

முகவர்களை வங்கிகள் நன்றாக விசாரித்துத்தான் அமர்த்த வேண்டும், தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2026 ஜனவரி 1 அதற்குக் கெடு. வரவேற்கிறேன். ஆனால் முகவர் யோக்கியராக இருந்துவிட்டால் போதுமா? விரல் என்பது ரகசியமா, இதுதான் அடிப்படைக் கேள்வி. தண்ணீர் குடித்த டம்ளரில், பஸ் கம்பியில், கதவுப் பிடியில் நாம் விட்டுவிட்டுப் போவது அது. 2008இல் ஜெர்மனியில், கடவுச்சீட்டில் கைரேகை வேண்டும் என்று வாதாடிய உள்துறை அமைச்சர் வொல்ஃப்காங் ஷொய்ப்ளேயின் விரல் ரேகையை, அவர் தொட்ட கண்ணாடி டம்ளரிலிருந்து எடுத்து, கணினி வல்லுநர் கூட்டம் ஒன்று தன் பத்திரிகையில் அச்சடித்தே கொடுத்துவிட்டது. நம் பக்கத்தில் அவ்வளவு சிரமம் தேவையில்லை. 2018இல் தெலங்கானாவில், இணையத்தில் கிடந்த நிலப் பத்திரங்களிலிருந்து ரேகைகளை எடுத்துப் போலி விரல் செய்து சிம் கார்டுகளை இயக்கிய ஒருவர் பிடிபட்டார். 2023இல் பெங்களூரில், கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் இருந்த பத்திரங்களின் ரேகைகளைக் கொண்டு, அக்காவின் கணக்கில் கை வைத்த அதே முறையில் பலரின் பணம் எடுக்கப்பட்டது. செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நகத்து ஓரம் முதல் நகத்து ஓரம் வரை, அப்பாமல், கோடு கோடாகத் தெரியும்படி நான் வைத்துக் கொடுத்த கைநாட்டுகள் எத்தனை! திருடனுக்கு இதைவிடச் சுத்தமான அச்சு எங்கே கிடைக்கும்?

போலி விரலைக் கண்டுபிடிக்க 2023 பிப்ரவரியில் ஆதார் ஆணையம் புதிய சோதனையைக் கொண்டுவந்தது. கோடுகளின் முடிச்சுகளோடு விரலின் படத்தையும் சேர்த்துப் பார்த்து, உயிருள்ள விரலா என்று முடிவு செய்கிறதாம். அதுவும் நல்லதே. ஆனால் அக்காவின் விரல் உயிருள்ள விரல்தானே!

பூட்டுச் சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். ரகசிய எண் தெரிந்துவிட்டால் வேறு எண் வைக்கலாம். 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகைகள் திருட்டுப்போயின. அவர்கள் விரலை மாற்றிக்கொள்ள முடியுமா? நமக்கும் பத்துதான். சில தோல் தொழிலாளிகளுக்கு அதுவும் குறைவு.

ரேகையைப் பூட்டி வைக்கும் வசதி ஆதாரில் இருக்கிறதே என்று என் மருமகள் சொன்னாள். இருக்கிறது. கைபேசியில் ஓர் அழுத்தில் பூட்டலாம், திறக்கலாம். அதற்கு ஆதாரோடு நடப்பிலுள்ள கைபேசி எண் இணைந்திருக்க வேண்டும். அக்காவுடையதில் இருந்தது, மகன் ஓசூர் போனபோது தூக்கிப் போட்ட அதே எண். அதை மாற்ற 75 ரூபாய், ஒரு டோக்கன், ஒரு பகல். பிறகு, ஆதாரை அச்செடுக்க பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கணினி மையத்துக்குப் போனோம். அங்கிருந்த இளைஞர் கோப்பைப் பதிவிறக்கியபோது திரையை எட்டிப் பார்த்தேன். ஒன்றின் கீழ் ஒன்றாக, வரிசை எண் போட்டுக்கொண்டு, நூற்றுக்கணக்கான ஆதார் கோப்புகள். யார் யாருடையதோ. "இதெல்லாம் இங்கேயே இருக்கிறதே தம்பி?" என்றேன். "சனிக்கிழமை அழித்துவிடுவேன் ஐயா" என்றார். எந்தச் சனிக்கிழமை என்று நான் கேட்கவில்லை. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்புதான் என்று சமாதானமும் சொன்னார். அந்தக் கடவுச்சொல் என்ன தெரியுமா? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், அதோடு பிறந்த ஆண்டு. இரண்டும் அட்டையிலேயே அச்சாகியிருக்கின்றன. வீட்டைப் பூட்டி, சாவியை நிலைப்படி ஆணியில் மாட்டுவது எங்கள் பாட்டி காலத்து வழக்கம். அப்போது தெருவில் எல்லோரும் உறவுக்காரர்கள்.

ஒருவழியாகப் பூட்டினோம். அந்த மாதம் ரேஷன் கடையில் வினை. அக்கா விரலை வைத்தார், கருவி 330 என்று ஓர் எண்ணைக் காட்டி மறுத்தது. சரி, கண்ணைக் காட்டுங்கள் என்றார் விற்பனையாளர். கண்ணும் மறுத்தது. பூட்டும்போது விரல், கண், முகம் மூன்றும் சேர்ந்துதான் பூட்டிக்கொள்கின்றன. பின்னால் இருபது பேர் பையோடு நிற்கிறார்கள், வெயில் மண்டையைப் பிளக்கிறது, நான் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கைபேசியில் பூட்டைத் திறக்கத் தடவிக்கொண்டிருக்கிறேன். "பணத்தைத் திருடாமல் இருக்கப் பூட்டினால் அரிசி எப்படித் தம்பி பூட்டிக்கொண்டது?" என்று அக்கா கேட்டார். இந்தக் கேள்விக்கு யாராவது பொறுப்பான இடத்திலிருந்து பதில் எழுதினால், தயவுசெய்து முதல் பக்கத்தில் போடுங்கள். ஒரே சாவியைக் கல்லாப்பெட்டிக்கும் அரிசிப் பானைக்கும் வைத்தது யார்? விரல் வழியே பணம் எடுக்கும் வசதி, வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் போதாதா? மற்றவர்கள் கணக்கில் அந்தக் கதவு எதற்காகத் திறந்தே கிடக்கிறது?

அரிசியைப் பற்றிச் சொல்லும்போது தமிழ்நாட்டைக் குறைசொல்ல மாட்டேன். 2020 அக்டோபரில் கைரேகை முறை வந்தபோது பட்ட பாடு பெரிதுதான். ஆனால் கண் பதிவு வந்தது, முதியவர் தன் சார்பில் ஒருவரை எழுதிக் கொடுக்கலாம் என்று வந்தது, 2025 ஆகஸ்டு முதல் 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டு வாசலிலேயே பொருள் தரும் தாயுமானவர் திட்டம் வந்தது. ஜார்க்கண்டில் சிம்டேகா மாவட்டத்தில், ஆதாரோடு இணைக்கவில்லை என்று குடும்ப அட்டை ரத்தான வீட்டில், 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி இறந்துபோனதை நாம் படித்தோம். பட்டினிச் சாவு என்றாள் தாய். நோய் என்றது அரசு.

ஆதாரின் மையக் கிடங்கு உடைக்க முடியாதது என்பார்கள். 13 அடி உயரமும் 5 அடி தடிமனும் உள்ள சுவருக்குப் பின்னால் தகவல்கள் பத்திரமாக இருக்கின்றன என்று 2018 மார்ச்சில் அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். வேலூர்க்காரனிடம் சுவரைப் பற்றிச் சொல்லலாமா? எங்கள் கோட்டைச் சுவர் முழுக்கக் கருங்கல், சுற்றிலும் அகழி. 1806 ஜூலை 10 விடியற்காலையில் அந்தச் சுவரை யாரும் ஏறிக் குதிக்கவில்லை. உள்ளே படுத்திருந்தவர்கள்தான் எழுந்தார்கள். (அவர்கள் நியாயமான காரணத்துக்கு எழுந்தார்கள், அது வேறு.) 2018 ஜனவரியில் தி டிரிப்யூன் நாளிதழ், 500 ரூபாய் கொடுத்தால் ஆதார் எண்ணைத் தட்டிப் பெயர், முகவரி எல்லாம் பார்க்கும் வழி கிடைக்கிறது என்று எழுதியது. உள்ளே நுழைய அனுமதி பெற்றவர்கள் வழியாகத்தான். ஆணையம், ரேகைகள் கசியவில்லை என்று சொல்லிவிட்டுக் காவல் துறையில் புகார் கொடுத்தது. அந்தப் புகாரில் செய்தியாளரின் பெயரும் இருந்தது. ஒருவருக்கு ஒரே எண், இரட்டைப் பதிவே இருக்க முடியாது என்பதும் அப்படித்தான். 2022 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையைப் பாருங்கள்: 2019 நவம்பர் வரை 4.75 லட்சத்துக்கும் அதிகமான எண்கள் இரட்டைப் பதிவு என்று ரத்து செய்யப்பட்டிருக்கின்றன.

ஊரைக் குறை சொன்னேன், என்னையும் சொல்ல வேண்டும். கடையை மூடியபோது பரணிலிருந்து மூன்று சாக்கு மூட்டைகளை இறக்கினேன். எல்லாம் பத்திரம் எழுத வந்தவர்களின் ஆதார் நகல்கள். ஒரு நகல் போதும் என்ற இடத்தில் மூன்று வாங்குவேன், எதற்கும் இருக்கட்டும் என்று. பின்பக்கம் என் கையெழுத்தில் கைபேசி எண், சில இடங்களில் வங்கிக் கணக்கு எண்ணும். பழைய பேப்பர்க்காரர் தராசோடு வந்து நின்றார். எடை போடக் கொடுத்தே இருப்பேன். மேலே கிடந்த நகலில் இருந்த முகம் எனக்குத் தெரிந்த பேரணாம்பட்டு பாய் ஒருவருடையது, முந்தின ஆண்டு இறந்துபோனவர். அதை எடுத்துப் பார்த்தவன், மூட்டையை மறுபடி கட்டிவிட்டேன். கொல்லையில் ஒரு பகல் முழுக்க எரித்தேன். கற்றையாகப் போட்டால் ஓரம் மட்டும் கருகி நடுவில் முகமும் எண்ணும் அப்படியே நிற்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட வேண்டியிருந்தது. புகையில் பக்கத்து வீட்டார் சண்டைக்கே வந்துவிட்டார்கள்.

நகல் கொடுக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி ஒரு நல்ல அறிவுரை வந்தது. 2022 மே 27இல் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம், கண்ட இடத்தில் ஆதார் நகல் தராதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் வகையைப் பயன்படுத்துங்கள் என்று சொன்னது. இரண்டே நாளில் தில்லி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று. மறைத்த அட்டை இன்றும் பதிவிறக்கக் கிடைக்கிறது; அதை ஒரு விடுதியில் நீட்டிப் பாருங்கள். மருத்துவமனைக்கு வரும் வெளிமாநிலத்தார் நிறைந்த எங்கள் வேலூர் விடுதிகளில், "முழு எண் தெரிகிற நகல் இல்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். அட்டையிலேயே சரிபார்க்கும் குறியீட்டுக் கட்டம் இருக்கிறது, கைபேசியைக் காட்டினால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். யாரும் காட்டுவதில்லை. நகல் எடுத்துக் கோப்பில் குத்திவிட்டால் கடமை முடிந்தது.

சட்டம் இல்லாமலும் இல்லை. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012இல் வழக்குத் தொடுத்தபோது அவருக்கு வயது 86. அந்த வயதில் எனக்கு முடியுமா தெரியவில்லை. அந்த வழக்கில்தான் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள். 2018 செப்டம்பரில் ஆதார் செல்லும் என்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தபோதும், வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது நீதிமன்றம். தீர்ப்பின் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு சிம் வாங்கப் போனேன். கடைப் பையன் விரல் வைக்கும் கருவியைத்தான் நீட்டினான். நான் தீர்ப்பை நீட்டினேன். "இது எதற்கு ஐயா?" என்றான். வெயில் அதிகமாக இருந்தது, விரலை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தங்கள் ஆசிரியர் கடிதப் பகுதியின் விதிப்படி என் முழுப் பெயர், வீட்டு எண், கைபேசி எண் எல்லாவற்றையும் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அவற்றை அச்சிட வேண்டாம். சரிபார்த்ததும் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். அக்காவுக்கு இந்தக் கடிதத்தை முழுக்க வாசித்துக் காட்டினேன். மூவாயிரம் என்று வந்த இடத்தில் நிறுத்தி, எவ்வளவு என்று கேட்டேன். சரியாகச் சொன்னார். தன் கதையைப் போடலாம் என்று ஒப்புக்கொண்டு, அந்தத் தனித் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். முதல் எழுத்து கோட்டுக்கு மேலே நிற்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.